குரல் கொடுப்பவர்க்கே படம்

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு பெயின்ட் கம்பெனியின் கட்டடத்தில் ‘கடல்கடந்த உழைப்பாளர் குடும்ப நேர்முக இணைப்பு வாரியம்’ தன் கிளையைத் திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் ஊழியர்கள் அதை வாரியம் என்று மட்டும் சொன்னார்கள். வாரியத்தின் நோக்கம் எளிமையானது. வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்களும் இங்கிருக்கும் அவர்கள் குடும்பத்தாரும் ஒருவரையொருவர் திரையில் பார்த்துப் பேச வேண்டும். அதற்காக ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள், மூன்று துணைக்குழுக்கள், ஓர் இலச்சினை எல்லாம் வந்துவிட்டிருந்தன. தொலைபேசி இணைப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

அங்கே முதல் விண்ணப்பத்தோடு வந்தவள் பழவேற்காட்டுப் பீவி ஜான். பொன்னேரிவரை பஸ், அங்கிருந்து ரயில், ஸ்டேஷனிலிருந்து இரும்பு லாரிகளின் புழுதிக்குள்ளே நடை என்று வந்து சேர்ந்தபோது அவளுடைய கறுப்புப் புர்கா செம்மண் நிறமாகியிருந்தது. கையில் ஆறு வயது மகள் சிஃபாவைப் பிடித்திருந்தாள்.

அவள் கணவன் மொஹசின் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். சித்திரை மாதக் கடைசியில் அங்கே கேஸ் வெடித்தது. உயிர் பிழைத்தான். ஆனால் உள்ளே போன நெருப்பு தொண்டையையும் நுரையீரலையும் சுட்டுவிட்டது. கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். இரண்டு கையிலும் கட்டு. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த கிரேஸ் என்ற தமிழ்ப் பெண் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பீவி ஜானின் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி, ரிசீவரை அவன் காதருகே பிடிப்பாள். பீவி ஜான் பேசுவாள். அங்கிருந்து ‘உஸ்ஸ்’ என்று காற்றுப் போய் வரும் சத்தம் மட்டும் கேட்கும். அதுதான் அவள் புருஷன் என்று கிரேஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை கிரேஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, எப்படியாவது சீக்கிரம் ஒருதடவ பாத்துடுங்க” என்றாள். டாக்டர்கள் கூடிப் பேசுவதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு திரைக் கருவி இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் நாற்பது நிமிஷம் அவனைக் கட்டிலோடு அங்கே தள்ளிக்கொண்டு போக அவள் அனுமதி வாங்கியிருந்தாள். அதே மாதிரிக் கருவி இந்தப் பக்கம் வாரியத்திடம் மட்டும்தான் இருந்தது.

கிளை அலுவலர் கோபால் விண்ணப்பத்தை மூன்று முறை படித்தார்.

“பதினோராவது பத்தி காலியா இருக்கே. அயலகத்தில் உள்ளவர் பேசும் மொழி. அதுக்கு இன்னா எழுதுறது?”

“அவரால பேச முடியாது சார். தொண்டையில டூப் போட்டுக்கீது.”

“பேச முடியாதுன்னா எப்படிம்மா? இது குரல் மற்றும் காட்சித் திட்டம். குரல்தான் முதல்ல வருது பாரு.”

“பேச முடிஞ்சா நான் போன்லயே பேசிக்குவேனே சார். இன்னாத்துக்குப் புள்ளைய இட்டுக்கினு இத்தினி தூரம் வரேன்?”

கோபால் இரக்கமுள்ளவர். உடனே நிராகரிக்காமல் கோப்பைத் துணைக்குழுவின் கருத்துக்கு அனுப்பினார். பன்னிரண்டு நாள் கழித்துக் கருத்து வந்தது. ‘குரல், காட்சி என்ற இரண்டு தகுதிகளில் விண்ணப்பதாரரின் கணவருக்கு ஒன்றே இருப்பதால், நிர்ணயிக்கப்பட்ட ஐந்து நிமிடங்களில் பாதியை, அதாவது இரண்டரை நிமிடங்களை, கருணை அடிப்படையில் வழங்கலாம்.’

பீவி ஜானுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டரை நிமிஷம் என்பது ஒரு முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நேரமில்லை.

ஆனால் இணைப்பு வர வேண்டுமே. அந்த வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்தவள் மைத்ரேயி. திருவள்ளூர்க்காரி, பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண், இருபத்தாறு வயது. தோளில் ஒயர்ச் சுருளும் இடுப்பில் ஸ்க்ரூ டிரைவருமாக அவள் ஏணியில் நிற்கும்போதுதான் பீவி ஜான் முதலில் பார்த்தாள்.

“இன்னும் எத்தினி நாளாகும் மேடம்?”

“மேடம் எல்லாம் வேணாங்க்கா. மூணு லைன் வரணும். ஒண்ணு வந்தா குரல் மட்டும்தான் வரும். மூணும் சேந்தாதான் மூஞ்சி தெரியும்.”

“மூணையும் ஒண்ணா போடக் கூடாதா?”

“போடலாம். ஆனா மூணுக்கும் தனித்தனியா ஆர்டர் போட்டுக்கீறாங்க.”

எனவே எக்ஸ்சேஞ்சிலிருந்து வாரியம்வரை சாலை மூன்று முறை தோண்டப்பட்டது. முதல் குழியை மூடியபிறகே இரண்டாம் குழியைத் தோண்ட வேண்டும் என்பது விதி. மூன்றாவது குழியைத் தோண்டியபோது கடப்பாரை முதல் இணைப்பை அறுத்தது. அதைச் சரிசெய்யத் தோண்டிய நான்காவது குழிக்கு ஆர்டர் இல்லாததால், அதை மூடுவதற்கும் ஆர்டர் இல்லாமல் போயிற்று. இதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதையும் திறக்கக் கூடாது என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார். ஆவணியில் வேலை முடிந்தது. ஆனால் ஆஸ்பத்திரி கொடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்பதால் புதன்கிழமைக்கு மாற்றும்படி வாரியம் அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதியது. புதனுக்கும் செவ்வாய்க்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கேட்டு எழுதினார்கள். இந்தக் கடிதப் போக்குவரத்தில் மூன்று செவ்வாய்க்கிழமைகள் போயின.

ஒவ்வொரு செவ்வாயன்றும் பீவி ஜான் வந்து போனாள். வெள்ளிக்கிழமைகளில் போனில், “இதோ, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று அவனிடம் சொன்னாள். அங்கே ‘உஸ்ஸ்’ என்ற சத்தம் வாரத்துக்கு வாரம் மெலிந்துகொண்டே வந்தது.

கடைசியில் எமகண்டம் கழிந்து பதினோரு மணிக்கு மேல் என்றால் செவ்வாய்க்கிழமை பரவாயில்லை என்று தலைவர் இறங்கி வந்தார். தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார்கள். சென்னைத் தலைமை அலுவலகம், திருவள்ளூர்க் கிளை, கும்மிடிப்பூண்டிக் கிளை, அயல்நாட்டு ஆஸ்பத்திரி ஆகிய நான்கு இடங்களும் ஒரே நேரத்தில் ஒரே கூட்டத்தில் இணையும்.

விழாவுக்கு முன் ஒத்திகை நடந்தது. ஆஸ்பத்திரியை ஒத்திகைக்கு அழைக்க முடியாது. ஆகையால் திருவள்ளூர்க் கிளையைப் பெருக்கும் அஞ்சம்மாளை ஒரு மேசையில் படுக்கவைத்து, கழுத்தில் துணி சுற்றி, மொஹசினாக இருக்கச் சொன்னார்கள். நோயாளி பேச மாட்டார் என்பதால் வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அஞ்சம்மாள் இரண்டு மணி நேரம் அசையாமல் கிடந்தார். கும்மிடிப்பூண்டித் திரையில் தலைமை அலுவலகம் வந்தது, அங்கே மேசைமேல் இருந்த பூங்கொத்து வந்தது, தொண்டையைக் கனைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். அஞ்சம்மாள் வரவே இல்லை. இரண்டாம் மணி நேரத்தின் முடிவில் அவர் களைப்பில் தூங்கிக் குறட்டை விட்டபோதுதான் சட்டென்று திரை முழுக்க அவர் முகம் வந்தது.

மைத்ரேயி ரிமோட்டைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

“இன்னா ஆச்சு?” என்றாள் பீவி ஜான்.

“அக்கா, இந்த மிஷின் சத்தத்த வெச்சுத்தான் படத்த மாத்துது. யாரு பேசுறாங்களோ அவங்க மூஞ்சிதான் மத்த எல்லார் திரையிலயும் வரும். பேசாதவங்க வர மாட்டாங்க.”

“அப்ப அவரு?”

மைத்ரேயி கருவியின் கையேட்டை எடுத்துப் புரட்டினாள். அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். திரையை நான்காகப் பிரித்து எல்லா இடங்களையும் சேர்த்துக் காட்டும் வசதி கருவியிலேயே இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாள்.

தலைவரே நேரில் ஆய்வுக்கு வந்தார். தங்க பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, வெள்ளைச் சட்டை, மெல்லிய சந்தனக் கீற்று. நான்காகப் பிரித்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் ஒரு மூலையில் அவருடைய காலி நாற்காலி தெரிந்தது.

“இதுல நான் எந்த அளவுக்கு வருவேன்?”

“கால் பங்கு சார்.”

“தபால்தலை மாதிரி.” தலைவர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுவதே இல்லை. “இதப் பாரும்மா. நான் என் முகத்துக்காகச் சொல்லல. தலைமைக்குன்னு ஒரு அளவு இருக்கு. எல்லாரும் ஒரே அளவுல தெரிஞ்சா எங்கேர்ந்து உத்தரவு வருதுன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? குரல் கொடுக்கறவங்களுக்குத்தான் படம். முப்பது வருஷமா நிர்வாகத்துல இருக்கேன். வாயத் திறக்காத ஒருத்தனை எந்த ஆபீஸும் திரும்பிப் பாத்து நான் பாத்ததில்ல. மிஷின் நம்ம நடைமுறைய நல்லாப் புரிஞ்சுகிட்டிருக்கு. அதைப் போயி மாத்தச் சொல்றியே.”

ஒரு மூலையில் நின்றிருந்த பீவி ஜானைப் பார்த்து அவர் புன்னகை செய்தார். “கவலைப்படாதீங்க. உங்க கணவர் நிச்சயமா கூட்டத்துல இருப்பார். தெரிய மாட்டாரே தவிர, இருப்பார்.”

அந்த வெள்ளிக்கிழமை பீவி ஜான் போனில் கிரேஸிடம் சொன்னாள்: “கண்ணு, சத்தம் வந்தாதான் மூஞ்சி தெரியுமாம். அவராலதான் முடியாது. நீ ஒரு ஸ்பூன எடுத்துக் கட்டில் கம்பியில தட்டிக்கினே இரு. நான் பாத்துக்குறேன்.”

விழா நாளன்று கும்மிடிப்பூண்டிக் கிளைக்கு வாழைமரம் கட்டியிருந்தார்கள். பயனாளிக்கு ஒரு நுழைவுச் சீட்டுத்தான் என்பதால் சிஃபாவை வெளியே வராந்தாவில் உட்காரவைத்தார்கள். பீவி ஜானின் கையில் கோபால் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். ‘என் போன்ற எளியோருக்கு இவ்வாய்ப்பை நல்கிய தலைவர் அவர்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி’ என்று எழுதியிருந்தது.

“கூப்பிடும்போது இதப் படிம்மா. வேற எதுவும் பேசாத. அதுக்கப்புறம்தான் உன் ரெண்டரை நிமிஷம்.”

சரியாகப் பதினோரு மணி ஐந்து நிமிஷத்துக்கு நான்கு இடங்களும் இணைந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து கிரேஸ், “வணக்கம், நாங்க வந்துட்டோம்” என்று சொன்னபோது திரையில் ஒரு வெள்ளைச் சுவர் தோன்றியது. கேமரா கட்டிலை நோக்கித் திரும்புவதற்குள் சென்னையிலிருந்து தலைவர், “வருக, வருக” என்றார். திரை அவரிடம் போய்விட்டது.

தலைவர் பேசத் தொடங்கினார்.

“தூரம் செத்துவிட்டது! இன்று முதல் தூரம் இல்லை. இந்தத் திட்டத்தின் தன்னலமற்ற தன்மையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். நான் அவனோடு என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தினமும் பேசுகிறேன். எனக்கு இந்த வாரியம் தேவையே இல்லை. தனக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்கு ஒருவன் தலைவராக இருக்கிறான் என்றால், அதைவிடப் பெரிய தியாகம் உண்டா?”

கைதட்டல் எழுந்தது. கைதட்டிய இடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போயின.

பத்தாவது நிமிஷத்தில் எங்கிருந்தோ ‘டிங், டிங், டிங்’ என்று சத்தம் வந்தது. திரை நடுங்கி, தலைவர் கலைந்து, வெள்ளையும் பழுப்புமாகச் சதுரச் சதுரமாய் ஏதோ கூடத் தொடங்கியது. பீவி ஜான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். சதுரங்கள் இன்னும் ஒரு நொடி இருந்திருந்தால் முகமாகியிருக்கும். தலைவர் இருமினார். சதுரங்கள் மறுபடி தலைவராகின.

‘டிங், டிங்.’ மீண்டும் சதுரங்கள். மீண்டும் தலைவர்.

“நான்காம் எண் இடத்தில் ஏதோ இரைச்சல். அதன் ஒலியை நிறுத்துங்கள்” என்றார் தலைவர்.

“சார், அதுதான் பேஷண்ட் சார்!” என்று மைத்ரேயி கத்தினாள். அப்போது ஒரு நொடி மற்ற இடங்களின் திரைகளில் அவர்கள் இருந்த கூடமே வந்துபோனது.

எந்த இடத்தின் ஒலியையும் தலைவரின் எழுத்துமூலமான உத்தரவில்லாமல் நிறுத்தக் கூடாது என்பது தலைவரே போட்ட விதி. தலைமை அலுவலகத்தில் நான்கு இடங்களையும் இணைக்கும் கருவி ஐந்தாம் மாடியில் இருந்தது, தலைவர் இரண்டாம் மாடியில் இருந்தார். அவர் சீட்டு எழுதிக் கொடுக்க, ஊழியர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சேர்வதற்கு எட்டு நிமிஷம் ஆயிற்று. அந்த எட்டு நிமிஷமும் ஸ்பூன் தட்டிக்கொண்டே இருந்தது. தலைவரும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்பூன் சத்தம் நின்றது.

தலைவர் முடிக்கும்போது ஆஸ்பத்திரியின் நாற்பது நிமிஷத்தில் பத்து நிமிஷம்தான் பாக்கி இருந்தது. இனித் திருவள்ளூர்க் கிளையின் வரவேற்புரை, அதன்பின் உறுப்பினர்களின் வாழ்த்துரை என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தது. அவற்றுக்கு முன் பயனாளியின் நன்றிக்காக மைக்கை பீவி ஜானின் முன்னால் நகர்த்தினார்கள்.

மைத்ரேயி அவள் பின்னால் வந்து குனிந்தாள். “அக்கா. அவங்க அந்த ஆஸ்பத்திரி மைக்க அடச்சுட்டாங்க. அவர உங்களால இனி பாக்க முடியாது. ஆனா அவருக்கு அங்க திரை தெரியுது. நீங்க பேசுனா உங்க மூஞ்சி அவருகிட்ட போவும். பேசுற வரைக்கும்தான். நிறுத்துனா போயிடும்.”

“நான் இன்னா பாப்பேன்?”

“உங்களுக்கு முன்னாடி பேசுனவரத்தான். தலைவர.”

பீவி ஜான் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்திரையைத் தூக்கித் தலைக்குமேல் போட்டாள். எதிரே ஆறடித் திரையில் தங்கக் கண்ணாடி அணிந்த தலைவர் அவளைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்துகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து அவள் பேசத் தொடங்கினாள்.

“சிஃபா வாப்பா, நான்தான். தெரியுதா? நல்லா பாத்துக்க. எளைச்சுட்டேன்னு நெனைக்காத, நோம்பு வெச்சேன், அதான். ஊட்டுல எல்லாம் நல்லாக்கீறோம். நீ வாங்கி அனுப்புன பச்சச் சேலயத்தான் உள்ள கட்டிக்கினுக்கீறேன், இதோ பாரு...”

தலைவரின் புன்னகை சற்றுக் குறைந்தது. “அம்மா, நன்றியை மட்டும்...”

“ஏரியில எறால் நல்லா படுது இந்த வருசம். மழைக்குக் கூரை ஒழுவுது, நீ கட்டுன பக்கம் மட்டும் ஒழுவல. உனுக்கு வலிக்குதா? வலிச்சா சொல்ல முடியாதேன்னுதான் எனக்குப் பேஜாரா கீது. சொல்ல வேணாம், உடு. எனுக்குத் தெரியும்...”

“அம்மா, உங்கள் நேரம் முடிந்துவிட்டது!” தலைவர் குரலை உயர்த்தினார். அவர் குரல் உயர உயர பீவி ஜானும் உயர்த்தினாள். வாழ்நாளில் அவள் இவ்வளவு சத்தமாக யார் முன்னாலும் பேசியதில்லை. தலைவர் மேசையைத் தட்டினார். பிறகு ஒரு சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். ஊழியர் அதை வாங்கிக்கொண்டு லிப்டுக்கு ஓடினார். லிப்ட் வேறு மாடியில் நின்றிருந்தது. அந்த விழாவில் பீவி ஜானுக்கு வாரியம் செய்த ஒரே உதவி அதன் தாமதம்தான்.

அவளுக்குத் தொண்டை கட்டியது. ஒரு நொடி வார்த்தை வரவில்லை. அதற்குள் மைத்ரேயி வராந்தாவுக்கு ஓடிச் சிஃபாவைத் தூக்கிக்கொண்டு வந்து கேமராவின் முன்னால் நிறுத்தினாள்.

“பேசும்மா. வாப்பா பாக்குறாரு.”

சிஃபா திரையைப் பார்த்தாள். “இது வாப்பா இல்ல” என்றாள்.

“உள்ள கீறாரு. எதுனா சொல்லு. நிறுத்தாத.”

சிஃபாவுக்கு நிறுத்தாமல் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நின்று, உரக்க ஆரம்பித்தாள். “ஓர் ரெண்டு ரெண்டு! ஈர் ரெண்டு நாலு! மூ ரெண்டு ஆறு!” தலைவர் கத்திக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் வாய்ப்பாட்டை முடித்து மூன்றாம் வாய்ப்பாட்டுக்குப் போனாள். பீவி ஜான் அவள் கன்னத்தோடு கன்னம் வைத்து, அதே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மூணு இருபத்தொண்ணு என்னும்போது சீட்டு ஐந்தாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

விழா இனிதே நிறைவுற்றது என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். நான்கு இடங்களின் இணைப்பும் ஒருமுறைகூட அறுபடவில்லை. காட்சித் தெளிவு நன்று, குரல் தெளிவு மிக நன்று. பயனாளி ஒருவர் ஒதுக்கிய நேரத்துக்கு மேல் ஆறரை நிமிடம் பேசியதால், இனிப் பயனாளிகளின் இருக்கைக்கு மைக் தேவையில்லை என்று துணைக்குழு பரிந்துரைத்தது. மைத்ரேயியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள் பொதட்டூர்பேட்டையில் ஒரு கேபிள் டிவிக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை கிரேஸ் போன் பண்ணினாள். வழக்கமான நேரத்துக்கு முன்பே பண்ணினாள். விடியற்காலையில் மொஹசின் மவுத்தாகிவிட்டதைச் சொன்னாள். பீவி ஜான் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னிக்கு எங்களப் பாத்தாரா?”

“கண்ணே எடுக்கலக்கா. பாப்பா கணக்குச் சொல்லும்போது உதடு அசஞ்சுது. கூடவே சொல்றாருன்னு நெனைக்கிறேன்.”

பதினாறாம் நாள் பெட்டி வந்தது. ஈயம் வைத்து மூடி, திறக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. பள்ளிவாசலிலிருந்து அப்படியே எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். கணவனுக்குத் துக்கம் காத்து வெளியே போகாமல் அவள் இத்தா இருந்த வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “கடசியா மூஞ்சியப் பாத்தியாடி?”

“நான் பாக்கல. அவரு எங்கள பாத்துட்டாரு” என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள்.

அதற்குமேல் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். தொழுகை முடிந்து கண்ணை மூடிக்கொண்டு, புருஷனோடு கடைசியாகப் பேசியதை நினைத்துப் பார்ப்பாள். கூரையைச் சொன்னது, சேலையைச் சொன்னது, வலிக்குதா என்று கேட்டது எல்லாம் ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு தங்கக் கண்ணாடி போட்ட முகமாகவே இருந்தது. அந்த முகத்தைத் தள்ளிவிட்டு மொஹசினின் முகத்தை அங்கே கொண்டுவர அவள் எவ்வளவோ முயன்றாள். அவன் பேசாதவன். வரவில்லை.